பெயர்ப்பட்டியலும் குடிமக்களும்: கொழும்புத் தமிழர் வரலாற்றில் அந்தரங்க உரிமை

1. முன்னுரை

இணையமும் கையடக்கத் தொலைபேசியும் பரவிவிட்ட இன்றைய நிலையில், தனிமனிதரின் அந்தரங்க உரிமை பற்றிய விவாதம் உலகெங்கும் நிகழ்கின்றது. நாம் எங்கே செல்கிறோம், யாருடன் பேசுகிறோம், எதனை வாங்குகிறோம் என்பனவெல்லாம் எங்கோ ஓரிடத்திற் பதியப்படுகின்றன. அப்பதிவுகள் பெருங் கம்பனிகளினதும் அரசாங்கங்களினதும் உடைமையாகின்றன. இவ்விவாதம் பெரும்பாலும் மேலைநாட்டு உதாரணங்களைக் கொண்டே நடத்தப்படுகின்றது. அதனாற் போலும், எம்மவருட் பலர் இதனை வசதி படைத்தோரின் கவலையாகவோ கணனி வல்லுநரின் துறைசார் வினாவாகவோ கருதிவிடுகின்றனர். குற்றம் புரியாதவனுக்கு ஒளிப்பதற்கு என்ன இருக்கின்றது என்று கேட்போரும் உளர்.

வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் வாழ்ந்த தமிழ்க் குடும்பங்களின் அநுபவத்தை நோக்குமிடத்து, இக்கூற்று நிலைபெறாது என்பது புலனாகும். இம்மக்கள் எதனையும் ஒளித்தவரல்லர். கேட்கப்பட்ட போதெல்லாம் தம் பெயரையும் முகவரியையும் முறைப்படி எழுதிக் கொடுத்தவர்கள். கொடுத்த பெயர், கொடுத்த நோக்கத்தைத் தாண்டிச் சென்று அவர்களுக்கே பகையாயிற்று. கணனி இந்நாட்டிற் பரவுவதற்கு முன்னரே நிகழ்ந்த இவ்வரலாறு, இன்றைய தரவுப் பிரச்சினையை விளங்கிக்கொள்வதற்கு இன்றியமையாதது. பதிவுகள் யாராற் திரட்டப்பட்டன, எந்நோக்கிற்காகத் திரட்டப்பட்டன, பின்னர் யார் கைக்குச் சென்றன, அவ்வாறு சென்றமைக்கு யார் பொறுப்பேற்றனர் என்னும் நான்கு வினாக்களையும் இவ்வரலாற்றின் முன் வைத்து ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2. தோம்பு முதல் கூப்பன் வரை

ஆட்சியாளர் குடிமக்களைப் பெயர் சொல்லிப் பதியும் வழக்கம் இலங்கைக்குப் புதியதன்று. போர்த்துக்கேயர் தொடங்கிய தோம்பு முறையினை ஒல்லாந்தர் விரிவாக்கினர். நிலத் தோம்பிற் காணியும் அதன் உடைமையாளரும், தலைத் தோம்பிற் குடும்பத்தினரின் பெயர், வயது, ஆற்றவேண்டிய ஊழியம் ஆகியனவும் எழுதப்பட்டன. பாடசாலைத் தோம்புகள் ஞானஸ்நானத்தையும் விவாகத்தையும் பதிந்தன. வரியும் ஊழியமும் பெறுதலே இவற்றின் நோக்கமாயினும், பிற்காலத்திற் காணி வழக்குகளிலே தம் உரிமையை நிலைநாட்டுதற்குக் குடிமக்களும் இவற்றையே சான்றாகக் காட்டினர். ஆளுவோரின் கருவியாகிய ஏடு ஆளப்படுவோரின் உரிமைச் சான்றாகவும் அமையக்கூடும் என்னும் இவ்விருதன்மை மனங்கொள்ளத்தக்கது.

பிரித்தானியர் 1871 ஆம் ஆண்டில் நாடளாவிய முதலாவது குடிசன மதிப்பினை நடத்தினர். மக்களை இனவாரியாகப் பகுத்து எண்ணும் முறை இம்மதிப்புகளினூடாக இறுக்கம் பெற்றது. இலங்கைத் தமிழர், இந்தியத் தமிழர் என்னும் பிரிவு 1911 ஆம் ஆண்டின் மதிப்பிலேயே முதன்முதலாக வேறுபடுத்திக் காட்டப்பட்டது. எண்ணுவதற்காக வகுத்த நிரல், காலப்போக்கில் மக்களை ஆளுவதற்கான பகுப்பாகவும் மாறிற்று.

பட்டியலில் இடம்பெறாமையின் விளைவையும் இவ்விடத்திற் குறிப்பிடவேண்டும். 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டமும், 1949 ஆம் ஆண்டின் 3 ஆம் இலக்க இந்திய, பாகிஸ்தானிய வதிவோர் குடியுரிமைச் சட்டமும் ஆவணச் சான்றினை வேண்டிநின்றன. மணமானோர் 1946 ஆம் ஆண்டுக்கு முன் ஏழு ஆண்டுகளும், மணமாகாதோர் பத்து ஆண்டுகளும் இடையறாது வசித்தமையை நிரூபிக்க வேண்டியிருந்தது. பிறப்புச் சான்றிதழோ வதிவிடச் சான்றோ இல்லாத மலையகத் தோட்டத் தொழிலாளரும், அவரைப் போன்றே கொழும்புத் துறைமுகத்திலும் நகரத்து ஆலைகளிலும் உழைத்த இந்திய வம்சாவளியினரும் பெருந்தொகையாக நாடற்றோராயினர். எனவே பதிவுகள் யாவும் ஒழிக்கப்படவேண்டும் என்று நாம் வாதிடவில்லை. பதிவின்மை வறியோரையே முதலில் வருத்தும் என்பதை மலையக வரலாறு காட்டுகின்றது.

பதிவினால் மக்கள் பெற்ற நன்மைக்குச் சிறந்த எடுத்துக்காட்டாக அமைவது உணவுப் பங்கீட்டு முறையாகும். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில், 1942 இல் தொடங்கிய அரிசிப் பங்கீடு 1979 இல் உணவு முத்திரைத் திட்டம் வரும்வரை வெவ்வேறு வடிவங்களில் நீடித்தது. கூப்பன் புத்தகம் வீட்டிலுள்ளோரின் தொகையை அரசுக்கு அறிவித்தது. அதற்கீடாக அரிசி கிடைத்தது. கூட்டுறவுக் கடையிலே வரிசையில் நின்ற குடும்பத்திற்கு, தன்னைப் பற்றிய தகவல் எங்கே இருக்கின்றது, எதற்காக இருக்கின்றது என்பது தெரிந்திருந்தது. திரட்டிய நோக்கமும் பயன்பட்ட நோக்கமும் ஒன்றாக இருந்தன.

3. அடையாள அட்டை

1968 ஆம் ஆண்டின் 32 ஆம் இலக்க ஆட்பதிவுச் சட்டத்தின்கீழ் 1972 ஆம் ஆண்டு முதல் தேசிய அடையாள அட்டைகள் வழங்கப்பட்டன. அட்டை இலக்கத்தின் அமைப்பை நோக்குதல் பயனுடைத்து. முதலிரு இலக்கங்கள் பிறந்த ஆண்டினையும், அடுத்த மூன்று இலக்கங்கள் அவ்வாண்டில் எத்தனையாவது நாள் என்பதனையும் குறித்தன. பெண்களாயின் அம்மூன்றிலக்க எண்ணுடன் ஐந்நூறு கூட்டப்பட்டது. ஒருவரின் வயதையும் பாலையும் அறிவதற்கு அவரைக் காணவேண்டியதில்லை; இலக்கத்தைக் கண்டாற் போதும். 2016 இல் இலக்கம் பன்னிரண்டு தானங்களாக நீட்டப்பட்டபோதும் இவ்வமைப்பு மாறவில்லை.

அட்டையில் இனம் என்றொரு நிரல் இருக்கவில்லை. எனினும் நீண்டகாலமாகச் சிங்களத்தில் மட்டும் எழுதப்பட்ட அட்டைகளும், சிங்களம், தமிழ் ஆகிய இரு மொழிகளிலும் எழுதப்பட்ட அட்டைகளும் புழக்கத்தில் இருந்தன. அட்டையைக் கையில் வாங்கிய சிப்பாய், பெயரை வாசிப்பதற்கு முன்னரே, எழுத்தைக் கொண்டு வைத்திருப்பவரின் இனத்தை ஊகித்துக்கொண்டான். பிறந்த இடம் எஞ்சியதைக் கூறிற்று. யாழ்ப்பாணம், கிளிநொச்சி, மட்டக்களப்பு என்று எழுதப்பட்டிருந்தால் விசாரணை நீண்டது. கேட்கப்படாத தகவலைக் கேட்கப்பட்ட தகவல்களிலிருந்து உய்த்துணரலாம் என்பது இதனாற் தெளிவாகும். இன்றைய கணனி முறைகளைப் பற்றிப் பேசுமிடத்து இக்கருத்து மீண்டும் வரும்.

4. 1983 யூலை

கொழும்பு வடக்கிலுள்ள கொட்டாஞ்சேனையும் தெற்கிலுள்ள வெள்ளவத்தையும் சமூக அமைப்பில் வேறுபட்டவை. துறைமுகத்தையும் செட்டியார் தெரு வணிகத்தையும் சார்ந்து வளர்ந்த கொட்டாஞ்சேனையில் இந்திய வம்சாவளித் தொழிலாளர், பரதகுலத்தவர், கொழும்புச் செட்டிகள், வடபகுதி வணிகர் எனப் பல பிரிவினர் வாழ்ந்தனர். வெள்ளவத்தையில் நெசவாலைத் தொழிலாளர் ஒருபுறமும், யாழ்ப்பாணத்திலிருந்து வந்த அரசாங்க எழுதுவினைஞர், ஆசிரியர், வைத்தியர், சட்டத்தரணிகள் ஆகிய மத்தியதர வர்க்கத்தினர் மறுபுறமும் குடியமர்ந்தனர். இரு பகுதிகளிலும் தமிழர் வீடுகளும் சிங்கள, முஸ்லிம், பறங்கியர் வீடுகளும் அருகருகே இருந்தன. புறத்தோற்றத்தைக் கொண்டு எது யாருடைய வீடு என்று அயலூரவன் அறியமுடியாது.

கலவரங்களின் தன்மையில் நிகழ்ந்த மாற்றம் இப்பின்னணியில் நோக்கற்பாலது. 1883 மார்ச் 25 ஆம் நாள் கொட்டாஞ்சேனையில் நிகழ்ந்த பௌத்த - கத்தோலிக்க மோதல், ஊர்வலமொன்றை மறித்த கூட்டம் தெருவிலே நடத்திய கைகலப்பாகும். 1958 இல் தமிழர் தாக்கப்பட்டபோது காடையர் கூட்டம் காதிலுள்ள துளையையும் உச்சரிப்பையும் கொண்டு ஆளை இனங்கண்டது. சிங்களப் பத்திரிகையை வாசித்துக் காட்டுமாறு பிரயாணிகள் வற்புறுத்தப்பட்டமையைத் தார்சி வித்தாச்சி 'எமர்ஜென்சி 58' என்னும் நூலில் எழுதியுள்ளார். இவையெல்லாம் ஆளுக்காள் நேர்நின்று செய்த சோதனைகள். அவற்றுக்குத் தப்பியவர்களும் உண்டு.

1983 யூலை 23 ஆம் நாள் யாழ்ப்பாணம் திருநெல்வேலியிற் பதின்மூன்று இராணுவத்தினர் கொல்லப்பட்டதை அடுத்து, 24 ஆம் நாள் இரவு பொரளையில் தொடங்கிய வன்முறை மறுநாள் நகரெங்கும் பரவியது. பழைய சோதனைகள் இம்முறையும் தெருக்களில் நடந்தன. ஆனால் அவற்றோடு புதியதொன்றும் சேர்ந்துகொண்டது. தாக்க வந்தோரிற் சிலர் வாக்காளர் இடாப்புகளையும் தமிழருக்குரிய வீடுகள், கடைகள், தொழிற்சாலைகளின் முகவரிகளையும் கைகளில் வைத்திருந்தனர். மானிடவியலறிஞர் எஸ். ஜே. தம்பையா 1986 இல் வெளியிட்ட இலங்கை பற்றிய ஆய்வு நூலில் இதனைக் குறிப்பிட்டுள்ளார். வேறு சமகால எழுத்துகளும் இதனை உறுதிப்படுத்துகின்றன.

வாக்காளர் இடாப்பு சனநாயகத்தின் அடிப்படை ஏடு. ஆண்டுதோறும் கிராம சேவகர் வீடுவீடாகப் படிவம் கொடுத்து, வீட்டுத் தலைவர் நிரப்பிக் கையொப்பமிட, அதிலிருந்து தயாரிக்கப்படுவது. வீதிவாரியாக, வீட்டிலக்க வரிசையில், வாக்குரிமையுள்ள ஒவ்வொருவரின் பெயரும் அதில் இடம்பெறும். அதிலும் இன நிரல் கிடையாது. ஆயினும் பெயரே இனத்தைக் காட்டிக்கொடுத்தது. தேர்தலுக்கு வசதியாக அமைந்த அவ்வீதி வரிசையே, எந்தக் கதவைத் தட்டவேண்டும், எதனை விட்டுவிடவேண்டும் என்பதற்கும் வசதியாயிற்று. வாடகை வீட்டிலே தமிழர் குடியிருந்தாற் பொருள்களை மட்டும் வெளியிலிட்டு எரிப்பதும், சொந்த வீடாயின் வீட்டையே எரிப்பதுமான நுட்பமான வேறுபாடு ஆங்காங்கே கடைப்பிடிக்கப்பட்டமை, உணர்ச்சிவசப்பட்ட கூட்டத்தின் செயலென்று அனைத்தையும் விளக்கமுடியாது என்பதற்குச் சான்றாகும்.

சிங்கள அயலவர் பலர் தம் உயிரைப் பணயம் வைத்துத் தமிழ்க் குடும்பங்களுக்குப் புகலிடம் அளித்தனர். இங்கே தமிழர் எவருமில்லை என்று வாசலில் நின்று கூறியவர்களின் நன்றிக்குரிய நினைவு இன்றும் பல வீடுகளிற் பேணப்படுகின்றது. பட்டியல் இவ்வகை மனிதாபிமானத்திற்கு எதிராகவும் தொழிற்பட்டது. அயலவரின் சொல்லைக் கேட்டுத் திரும்பிச் சென்றிருக்கக்கூடிய கூட்டம், கையிலிருந்த ஏட்டைப் பார்த்து மீண்டும் வந்தது. பகைவனிடம் பொய்யுரைத்து உயிர்காக்கும் பழைய தருமத்தை அச்சிட்ட தாள் பயனற்றதாக்கிவிட்டது.

எத்தனை பேர் மாண்டனர் என்பதில் இன்றும் உடன்பாடில்லை. அரசாங்கம் சில நூறு என்றது. ஏனைய மதிப்பீடுகள் ஆயிரங்களைத் தொட்டன. வாக்காளர் இடாப்புகள் எவ்வழியாகக் காடையர் கைக்குச் சென்றன என்னும் வினாவுக்காக எவரும் தண்டனை பெறவில்லை. நாம் தொடக்கத்தில் எழுப்பிய நான்காவது வினா, பொறுப்பேற்றல் பற்றியது, இங்கு விடையின்றி நிற்கின்றது.

இதே ஆண்டில் ஜேர்மனியில் நிகழ்ந்ததொன்றை ஒப்புநோக்குதல் பொருத்தமானது. மேற்கு ஜேர்மன் அரசு 1983 ஏப்பிரில் மாதத்தில் நடத்தவிருந்த குடிசன மதிப்பினை எதிர்த்து மக்கள் கிளர்ந்தனர். அதனை இடைநிறுத்திய அரசியலமைப்பு நீதிமன்றம் டிசெம்பர் 15 ஆம் நாள் இறுதித் தீர்ப்பை வழங்கியது. தன்னைப் பற்றிய தகவல் எந்நோக்கிற்குப் பயன்படும் என்பதைத் தீர்மானிக்கும் உரிமை அந்தந்த மனிதருக்கே உரியது என்பது அத்தீர்ப்பின் சாரம். தகவல்சார் சுயநிர்ணய உரிமை என்று அதற்குப் பெயரிடப்பட்டது. ஜேர்மனியர் இவ்விடயத்தில் இவ்வளவு விழிப்புடன் இருந்தமைக்கு அவர்களது சொந்த வரலாறே காரணமாகும். 1933 ஆம் ஆண்டின் குடிசன மதிப்பு, அமெரிக்க ஐ.பி.எம். கம்பனியின் ஜேர்மன் கிளையான டெஹோமாக்கின் துளையட்டை இயந்திரங்களாற் கணிக்கப்பட்டது. நெதர்லாந்தில் ஒழுங்காகப் பேணப்பட்ட குடிப்பதிவேடு நாசி ஆக்கிரமிப்பாளருக்கு யூதரைத் தேடிப்பிடிக்க உதவிற்று. அந்நாட்டு யூதரில் ஏறத்தாழ முக்காற் பங்கினர் கொல்லப்பட்டனர். 1943 மார்ச் 27 இல் அம்ஸ்ரர்டாம் குடிப்பதிவு அலுவலகத்துக்குத் தீவைத்த எதிர்ப்பியக்கத்தினர், ஆயுதக் கிடங்கைக் காட்டிலும் அவ்வலுவலகமே தம் மக்களுக்கு ஆபத்தானதென உணர்ந்திருந்தனர்.

ஏப்பிரிலில் இடைநிறுத்தம், டிசெம்பரிற் தீர்ப்பு என்பன ஜேர்மனியில். இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட யூலை கொழும்பில். அங்கு பட்டியலின் தீங்கிலிருந்து ஓர் உரிமை பிறந்தது. இங்கு அத்தகைய உரிமை எதுவும் பிறக்கவில்லை. 1978 ஆம் ஆண்டின் அரசியலமைப்பிலுள்ள அடிப்படை உரிமைகள் அத்தியாயத்தில் அந்தரங்க உரிமை தனியொரு உரிமையாக இன்றுவரை இடம்பெறவில்லை.

5. பொலிஸ் பதிவு

உரிமை பிறவாத இடத்திற் பட்டியல்கள் பெருகின. போர் நீடித்த காலத்தில், அவசரகால விதிகளின்கீழ் கொழும்புவாழ் வீட்டுரிமையாளர் தம் வீட்டிற் தங்கியிருப்போரின் விபரத்தைப் பொலிஸ் நிலையத்திற் கையளிக்க வேண்டியிருந்தது. சட்டத்தின் சொற்கள் எல்லோருக்கும் பொதுவானவை. நடைமுறையில் அதன் பாரம் தமிழர் மீதே வீழ்ந்தது. பெயர், அடையாள அட்டை இலக்கம், நிரந்தர முகவரி, வந்த காரணம், திரும்பும் நாள் ஆகியவற்றை எழுதி முத்திரை பெற்ற படிவம் 'பொலிஸ் பதிவு' எனப்பட்டது. நாம் அறிந்த வீடுகளில் அப்படிவம் பிறப்புச் சான்றிதழ்களோடும் காணி உறுதிகளோடும் ஒரே உறையிற் பாதுகாக்கப்பட்டது. நள்ளிரவிற் கதவு தட்டப்படும்போது முதலிற் தேடப்பட்டதும் அதுவே. வைத்தியத்துக்காகவோ வெளிநாடு செல்லும் அலுவலுக்காகவோ ஊரிலிருந்து உறவினர் வந்திறங்கினால், அவருக்குத் தேநீர் கொடுப்பதற்கு முன்னரே பதிவைப் பற்றிய பேச்சு எழுந்தது.

2007 யூன் 7 ஆம் நாள் அதிகாலையில் வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, புறக்கோட்டை முதலிய இடங்களிலுள்ள விடுதிகளிற் தங்கியிருந்த தமிழர், தங்குவதற்குத் தக்க காரணமில்லை எனக் கூறப்பட்டு, பஸ்களில் ஏற்றப்பட்டு வவுனியாவுக்கும் பிற இடங்களுக்கும் அனுப்பப்பட்டனர். அனுப்பப்பட்டோர் தொகை 376 என அன்று அறிவிக்கப்பட்டது. விடுதிகளிற் பேணப்பட்ட பதிவேடுகளும் பொலிஸ் பதிவும் யார் எந்த அறையில் இருக்கின்றார் என்பதை ஏற்கெனவே கூறியிருந்தன. மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையம் தாக்கல் செய்த மனுவை ஏற்று, உயர் நீதிமன்றம் மறுநாளே வெளியேற்றத்தைத் தடுத்து இடைக்காலக் கட்டளை பிறப்பித்தது. அப்போதைய பிரதமர் இரத்தினசிறி விக்கிரமநாயக்க அரசாங்கத்தின் சார்பில் வருத்தம் தெரிவித்தார். நீதிமன்றம் மக்களைத் திரும்பச் செய்தது. ஆனால் பட்டியல் முறை தொடர்ந்தது. 2008 செப்ரெம்பரில் வடக்கிலிருந்து வந்து மேல் மாகாணத்தில் வசிப்போர் மீண்டும் பதிவுக்கு அழைக்கப்பட்டனர்.

அதே 2007 யூன் மாதத்தில் வேறொரு கதவும் அடைக்கப்பட்டது. தமிழ்நெற் இணையத்தளத்தை இலங்கையிலுள்ளோர் பார்வையிட முடியாதவாறு இணையச் சேவைக் கம்பனிகள் தடுத்தன. அரசாங்கத்தின் விருப்பத்தை நிறைவேற்றியவை தனியார் கம்பனிகள். அத்தளத்தின் அரசியலை ஏற்போரும் மறுப்போரும் இருக்கலாம். மக்கள் எதனை வாசிக்கலாம் என்பதற்கு வாயிற்காவலராகக் கம்பனிகள் அமைந்துவிட்டமையே இங்கு கவனிக்கத்தக்கது. இவ்வாயில் எவ்வாறு அமைந்தது என்பதை அடுத்து நோக்குவோம்.

6. கணனியும் கம்பனியும்

கணனிமயமாக்கலுக்கான அரச முயற்சிகளும் எண்பதுகளிலேயே வேர்கொண்டன. கொழும்புப் பல்கலைக்கழகப் பேராசிரியர் வி. கே. சமரநாயக்க முதலியோரின் உழைப்பாற் கணனிக் கல்வி வளர்ந்தது. 1984 இற் சின்ரெக் எனப்படும் கணனி, தகவல் தொழில்நுட்பப் பேரவை நிறுவப்பட்டது. 1977 இன் பின்னர் வந்த திறந்த பொருளாதாரக் கொள்கை தொலைத்தொடர்பினைப் படிப்படியாகத் தனியார்மயமாக்கியது. 1989 இற் செல்ரெல் கையடக்கத் தொலைபேசிச் சேவையைத் தொடக்கியது. 1995 இல் டயலொக் சேவை வந்தது. பின்னர் அது மலேசிய மூலதனத்தின் ஆதிக்கத்துக்குட்பட்டது. அரச திணைக்களமாக இருந்த தொலைபேசிச் சேவை 1991 இற் கூட்டுத்தாபனமாகி, 1997 இல் அதன் 35 சதவீதப் பங்கு ஜப்பானிய என்.ரி.ரி. கம்பனிக்கு விற்கப்பட்டது. போரின் இறுதிக் காலத்தில் ஒவ்வொரு கையடக்கத் தொலைபேசி இணைப்பும் அடையாள அட்டை இலக்கத்துடன் பதியப்படவேண்டும் என்ற நிபந்தனை இறுக்கமாயிற்று. 1972 இன் அட்டை இலக்கமும் கம்பனியின் கணனியும் இவ்வாறு இணைந்தன.

கடதாசிப் பட்டியலுக்குச் சில இயற்கையான எல்லைகள் இருந்தன. அது ஓர் அலுவலகத்தில் இருந்தது; பிரதிசெய்ய நேரம் பிடித்தது; ஒரு பட்டியலை இன்னொன்றுடன் ஒப்பிட ஆள்கள் தேவைப்பட்டனர். கணனி இவ்வெல்லைகளை அகற்றிவிட்டது. வங்கி, தொலைபேசி, வைத்தியசாலை, வரி ஆகியவற்றின் பதிவுகளையெல்லாம் ஒரே இலக்கத்தைக் கொண்டு நொடிப்பொழுதில் ஒன்றுசேர்க்கலாம். 2022 யூலையில் அறிமுகமான தேசிய எரிபொருள் அட்டை இதற்கு அண்மைய உதாரணம். பெற்றோலுக்காக நாட்கணக்கில் வரிசையில் நின்ற மக்கள், அடையாள அட்டை இலக்கம், தொலைபேசி இலக்கம், வாகன விபரம் ஆகியவற்றைப் பதிந்து கியூஆர் குறியீடொன்றைப் பெற்றனர். பங்கீடு சீரடைந்தது உண்மை. இது எங்கள் காலத்துக் கூப்பன் என்றே கூறலாம். 2023 செப்ரெம்பரிற் பங்கீடு நிறுத்தப்பட்டது. கூப்பன் புத்தகம் தேவை முடிந்ததும் பழைய தாளாயிற்று. கணனியிற் சேர்ந்த விபரம் தானாகப் பழுதடைவதில்லை. அழிக்கவேண்டும் என்னும் சட்டமும் அதனை மேற்பார்வை செய்யும் அதிகாரமும் இருந்தாலன்றி அது நிலைத்திருக்கும்.

சமூக ஊடகக் கம்பனிகளைப் பொறுத்தவரை நிலைமை மேலும் சிக்கலானது. இவை சேவைக்குப் பணம் கேட்பதில்லை. பயன்படுத்துவோரின் நடத்தை பற்றிய தரவே இவற்றின் மூலப்பொருள். தோட்டப் பயிர்ச்செய்கைப் பொருளாதாரத்தை அறிந்த எமக்கு இவ்வமைப்புப் புதியதன்று. விளைவது இங்கே, பதனிடப்படுவதும் விலை நிர்ணயிக்கப்படுவதும் இலாபம் சேர்வதும் வேறிடத்தில். தேயிலைக்கு உழைத்தவருக்குக் கூலியாவது கிடைத்தது. தரவை விளைவிப்போருக்குத் தாம் விளைவிக்கின்றோம் என்பதே தெரிவதில்லை.

இன நிரல் இல்லாமலே இனத்தை உய்த்துணரும் முறையும் இங்கு முழுமை பெற்றுள்ளது. பேஸ்புக் தளத்தில் விளம்பரஞ் செய்வோர் குறிப்பிட்ட இனச் சார்புடையோரென ஊகிக்கப்பட்டவர்களை விலக்கி வீட்டு விளம்பரம் செய்ய முடிந்தமையை 2016 இல் அமெரிக்கப் பத்திரிகையாளர் வெளிப்படுத்தினர். அக்கம்பனி எவரிடமும் இனத்தைக் கேட்கவில்லை, விருப்புகளிலிருந்து கணித்துக்கொண்டது. ஆளுமைச் சோதனையொன்றினூடாகத் திரட்டப்பட்ட தரவுகள் கேம்பிரிட்ஜ் அனலிற்றிக்கா என்னும் நிறுவனத்தின் தேர்தற் பிரசாரத்துக்குச் சென்றமை 2018 இல் அம்பலமானது. எட்டுக் கோடியே எழுபது இலட்சம் பேரின் விபரங்கள் அவ்வாறு சென்றிருக்கலாம் எனக் கம்பனியே ஒப்புக்கொண்டது. ஒரு நோக்கிற்குக் கொடுத்தது வேறொரு நோக்கிற்குச் சென்ற கதையே இதுவும்.

இவ்வாபத்து தமிழர்க்கு மட்டும் உரியதன்று. 2018 மார்ச்சிற் கண்டி மாவட்டத்தில் முஸ்லிம்களுக்கு எதிரான வன்முறை நிகழ்ந்தபோது வெறுப்புப் பிரசாரம் பேஸ்புக் வழியாகப் பரவியது. தன் தளத்தின் பங்கினை ஏற்று அக்கம்பனி 2020 இல் மன்னிப்புக் கோரிற்று. 2019 ஏப்பிரில் 21 இற் கொட்டாஞ்சேனையை அடுத்த கொச்சிக்கடை அந்தோனியார் ஆலயம் உட்பட ஆறு இடங்கள் குண்டுவெடிப்புக்கு உள்ளாயின. அதன்பின் முஸ்லிம் மக்கள் சந்தேகத்தின் முழுப் பாரத்தையும் சுமந்தனர். பொலிஸார் வெளியிட்ட சந்தேகநபர் படங்களில் இச்சம்பவத்துடன் எவ்விதத் தொடர்பும் இல்லாத அமெரிக்க மாணவி ஒருவரின் படம் இடம்பெற்றது. தவறு என்று பின்னர் ஒப்புக்கொண்டனர். 1983 இல் தமிழர் வீட்டு வாசலில் நின்ற அச்சம், முப்பத்தாறு ஆண்டுகளின் பின் அதே நகரில் வேறு வாசல்களில் நின்றது.

7. சட்டமும் புதிய இலக்கமும்

2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இத்துறையிற் குறிப்பிடத்தக்கதொரு முன்னேற்றமாகும். தரவு குறித்த நோக்கிற்கே பயன்படவேண்டும் என்னும் கோட்பாட்டை அது ஏற்கின்றது. இன அடையாளத்தையும் சமய நம்பிக்கையையும் உடல்சார் அளவீடுகளையும் சிறப்புப் பாதுகாப்புக்குரியனவாக வகுக்கின்றது. ஆனால் 2025 மார்ச்சில் நடைமுறைக்கு வரவிருந்த அதன் முக்கிய பகுதிகள் பிற்போடப்பட்டன. மறுபுறத்தில், இணையத்தில் எழுதப்படுவனவற்றைக் கட்டுப்படுத்தும் 2024 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டம் யனவரியில் நிறைவேறி, பெப்ரவரி முதலாம் நாளே நடைமுறைக்கு வந்துவிட்டது. மக்களைக் காக்கும் சட்டம் தாமதிக்க, மக்களைக் கண்காணிக்கும் சட்டம் விரைந்தமை அரசின் முன்னுரிமைகளைக் காட்டுகின்றது.

இதற்கிடையிற் தனித்துவ டிஜிற்றல் அடையாளத் திட்டம் முன்னெடுக்கப்படுகின்றது. முகம், கண், விரல் ஆகியவற்றின் பதிவுகளைக் கொண்ட இத்திட்டத்துக்கு இந்திய அரசு நன்கொடை வழங்கும் உடன்படிக்கை 2022 மார்ச் 28 இற் கைச்சாத்தாகியது. நன்கொடையின் தொகை 300 கோடி இந்திய ரூபாய். அதில் 45 கோடி 2023 ஓகஸ்டில் முற்பணமாகக் கையளிக்கப்பட்டது. அந்நிய உதவி என்பதாலேயே இதனைப் புறக்கணிப்பது அறிவுடைமையாகாது. எனினும் இந்தியாவின் ஆதார் அநுபவத்தை அறிந்துகொள்வது அவசியம். அங்கு உச்ச நீதிமன்றம் 2017 ஓகஸ்ட் 24 இல் அந்தரங்கம் அடிப்படை உரிமை என முதலிற் தீர்ப்பளித்தது. பின்னர் 2018 செப்ரெம்பரில் தனியார் கம்பனிகள் ஆதார் இலக்கத்தைக் கட்டாயப்படுத்துவதற்கு இடமளித்த ஏற்பாட்டை அந்த உரிமையின் அடிப்படையிலேயே நீக்கியது. இலங்கை இலக்கத்தைப் பெறுகின்றது. அதனைக் கட்டுப்படுத்தும் உரிமையை இன்னும் பெறவில்லை. இந்த வேறுபாட்டைச் சுட்டிக்காட்டுவது எம் கடமையாகும்.

8. முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் சில முடிவுகளை நாம் பெறலாம். பதிவு தன்னளவில் தீயதன்று. தோம்பும் கூப்பனும் உரிமையையும் உணவையும் தந்தன. தீங்கு விளைவது, ஒரு நோக்கிற்குத் திரட்டியது வேறொரு நோக்கிற்குச் செல்லும்போதும், அவ்வாறு சென்றமைக்கு எவரும் பொறுப்பேற்காதபோதுமாகும். இனம் கேட்கப்படவில்லை என்பது பாதுகாப்பாகாது. நல்ல அரசாங்கத்தின் காலத்திற் திரட்டப்படும் ஏடு, அடுத்துவரும் அரசாங்கத்தின் கையிலும் கூட்டத்தின் கையிலும் என்னவாகும் என்று முன்கூட்டியே சிந்திக்கவேண்டும். ஆதலால் நோக்க வரையறை, பதிவுகளை இணைத்தற்குத் தடை, தேவை முடிந்ததும் அழித்தல், அரசையும் கம்பனியையும் ஒருங்கே விசாரிக்கவல்ல சுதந்திரமான அதிகாரசபை, தமிழிலும் விளங்கத்தக்க முன்னறிவித்தல் ஆகியன, புதிய இலக்கம் வழங்கப்படுவதற்கு முன்னரே உறுதிசெய்யப்படவேண்டிய குறைந்தபட்ச நிபந்தனைகள் எனலாம்.

ஆய்வாளர்க்கு ஒரு வேண்டுகோளும் உண்டு. வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும், அங்கிருந்து புலம்பெயர்ந்தோரின் வீடுகளிலும், பழைய பொலிஸ் பதிவுப் படிவங்கள் இன்னும் உறைகளிற் கிடக்கின்றன. அவற்றை வைத்திருப்போர் முதுமையடைந்து வருகின்றனர். பிள்ளைகளுக்கு அவை எதற்கென்றே தெரிவதில்லை. அவற்றையும் அவற்றோடு இணைந்த வாய்மொழிச் சான்றுகளையும் திரட்டாவிடின் இவ்வரலாற்றின் முக்கியமான மூலங்களை இழந்துவிடுவோம். ஆனால் அவ்வாறு திரட்டும்போது நாமும் ஒரு பட்டியலைத் தயாரிப்பவராகின்றோம் என்பதை மறத்தலாகாது. எதற்காகக் கேட்கின்றோம் என்பதை முதலிற் கூறி, உரியவரின் சம்மதம் பெற்று, பெயரையும் முகவரியையும் மறைத்துப் பேணுதலே முறை. பிறரிடம் நாம் எதிர்பார்க்கும் ஒழுக்கத்தை எமது ஆய்விலிருந்தே தொடங்குதல் வேண்டும்.